சிவப்புக் கோட்டில் இருக்கும் தங்கம்



இன்றைய பேச்சுக்கு ஓர் அம்மாள் கேட்ட கேள்விதான் காரணம். சில மாதங்களுக்கு முன் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து, "ஐயா, ஒன்று கேட்கலாமா?" என்றார். பேரனுக்குக் காய்ச்சல் கண்டு கிளினிக்குக்குக் கொண்டுபோனாராம். அங்கே விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, வெள்ளை அட்டை போன்ற ஒன்றில் விட்டார்களாம். கால் மணி நேரத்தில் அதில் சிவப்பாக இரண்டு கோடுகள் விழுந்தனவாம். பார்த்தவுடனே "டிங்கி" என்று சொல்லிவிட்டார்களாம்.

"அந்தக் கோடு பேரனின் இரத்தம்தானே ஐயா? இரத்தத்தைப் பார்த்து எப்படி டிங்கி என்று சொன்னார்கள்?" என்று கேட்டார்.

"இரத்தம் இல்லை அம்மா. அது தங்கம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். தம் கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டி, "தங்கம் இந்த நிறம் இல்லையா?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்கு அன்று நின்ற இடத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்லப் பார்க்கிறேன்.

அந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றில் நிறம் தருவது உண்மையில் தங்கந்தான். கர்ப்பம் பார்க்கும் குச்சியிலும், 2020-க்குப் பிறகு நாம் எல்லாரும் மூக்கைக் குடைந்துகொண்டு பார்த்த கோவிட் அட்டையிலும் பெரும்பாலும் அதே தங்கம்தான். உடனே பொற்கொல்லரிடம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அவருடைய தராசு அசையக்கூட அசையாது. அவ்வளவு சிறிய தூள். சிறியது என்பதால்தான் அது சிவப்பாகவும் இருக்கிறது. அந்தக் கதை கொஞ்சம் நீளமானது. ஆனால் பால் வெட்டிய குடும்பத்தாருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரிந்த கதைதான்.

மரத்திலிருந்து மங்கில் சொட்டும் பாலை எண்ணிப் பாருங்கள். பார்வைக்கு அது ஒரே நீர்மம்போல இருக்கிறது. உண்மையில் அது தண்ணீர். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் உருண்டைகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது ஏன்? ஒவ்வோர் உருண்டையின் மேலும் ஒரே வகையான மின்னூட்டம் இருக்கிறது. ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும். ஸ்டோரில் ஆசிட்டு ஊற்றியதும் அந்த மின்னூட்டம் அடங்கிப்போகிறது. தள்ளும் பலம் போனதும் உருண்டைகள் ஒட்டித் திரள்கின்றன. பால் உறைந்து தோசைபோலக் கட்டியாகிவிடுகிறது. இதை நம் பாட்டனார் காலத்திலிருந்து தினமும் பார்த்து வருகிறோம்.

தங்கத்தையும் இப்படிப் பாலாக்கலாம். அதைத் துல்லியமாக ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லன் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்றுக்கொண்டு, பின்னர் உலகம் போற்றும் விஞ்ஞானியானவர். இலண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் நிலையத்தில் ஆய்வு செய்துவந்த அவர், 1857-ஆம் ஆண்டில் தங்கத்தைப் பற்றி ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். தங்கம் கரைந்த உப்பு நீரில் பாஸ்பரஸைச் சேர்த்தால், கரைந்திருந்த தங்கம் மீண்டும் உலோகமாகி மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நிற்கிறது. ஆனால் அடியில் படிவதில்லை. அந்த நீர் மாதுளை முத்துப்போலச் சிவந்திருந்தது. அதில் ஒரு சிட்டிகைச் சாதாரண உப்பைப் போட்டால் சிவப்பு மாறி நீலமாகிறது! ஆசிட்டு பட்ட ரப்பர் பாலுக்கு நேர்ந்ததே இங்கேயும் நேர்ந்தது: துகள்களின் தள்ளும் பலம் போய், அவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிட்டன. ஃபாரடே தயாரித்த தங்க நீர்க்குப்பிகள் சில இன்றும் அந்த நிலையத்தில் நிறம் மாறாமல் இருக்கின்றன. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் உறையாத பால் அது.

துகள் எவ்வளவு சிறியது? பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோலில் ஒரு மில்லிமீட்டரைப் பாருங்கள். அதைப் பத்து இலட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டுக்கு நானோமீட்டர் என்று பெயர். சோதனை அட்டையில் உள்ள தங்கத்துகள் ஏறக்குறைய 40 நானோமீட்டர் அகலம். டிங்கிக் கிருமி ஏறக்குறைய 50 நானோமீட்டர். பச்சை ஒளியின் ஓர் அலையின் நீளமோ 520 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஆகவே கிருமியும் தங்கத்துகளும் ஒளியலையைவிடப் பத்து மடங்கு சிறியவை. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, சிறிதானதும் தங்கம் ஏன் சிவக்க வேண்டும்?

காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு நடந்தவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடந்தால் வாளிக்குள் பால் ஆடத் தொடங்கும். காலடியும் ஆட்டமும் ஒத்துப்போனால் அலை பெரிதாகிப் பெரிதாகி, பால் விளிம்பைத் தாண்டிச் சிந்தும். கொஞ்சம் மெதுவாகவோ வேகமாகவோ நடந்தால் சிந்தாது. வாளிக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. நம் நடை அந்தத் தாளத்தில் விழுந்தால்தான் ஆபத்து. விஞ்ஞானிகள் இதை ஒத்ததிர்வு என்கிறார்கள்.

உலோகத்தை ஒரு வாளி என்று கொள்ளுங்கள். அதற்குள் எலெக்ட்ரான்கள் என்னும் மின்துகள்கள் நீர்மம்போலக் கட்டில்லாமல் ஓடித் திரிகின்றன. ஒளியும் ஓர் அலையே. அது துகளின்மேல் விழும்போது எலெக்ட்ரான்களை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது. 40 நானோமீட்டர் தங்க உருண்டைக்குள் எலெக்ட்ரான்கள் ஆடும் தாளமும் பச்சை ஒளியின் தாளமும் ஒத்துப்போகின்றன. அதனால் தங்கத்துகள் பச்சை ஒளியை ஆர்வத்தோடு விழுங்கிவிடுகிறது. வெள்ளை ஒளியில் பச்சை போய்விட்டால் நம் கண்ணுக்கு மிஞ்சுவது சிவப்பு. துகள்கள் கொத்தாகச் சேர்ந்தால், எலெக்ட்ரான்கள் பல துகள்களிலும் சேர்ந்து ஆடுகின்றன. சிறிய மங்கில் பால் வேகமாகத் தளும்பும், பெரிய தோம்பில் மெதுவாகத் தளும்பும், அல்லவா? அதுபோல இங்கும் தாளம் மெதுவாகிறது. மெதுவான தாளம் சிவப்பு ஒளிக்குரியது. இப்போது சிவப்பை விழுங்கி நீலத்தை மிச்சம் வைக்கிறது. ஃபாரடேயின் சிட்டிகை உப்பு செய்த வேலை இதுதான்.

இந்த எலெக்ட்ரான் ஆட்டத்துக்குப் பிளாஸ்மோன் என்று பெயர். ஃபாரடேக்கு எலெக்ட்ரானே தெரியாது. நிறத்துக்குத் துகளின் சிறுமைதான் காரணம் என்று மட்டும் சரியாக ஊகித்தார். கணக்குப் போட்டு விளக்கியவர் ஜெர்மானியரான குஸ்தாவ் மீ, 1908-இல். அதற்கெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, காரணம் தெரியாமலேயே, ரோமானியக் கண்ணாடி வேலைக்காரர்கள் இதைக் கையாண்டிருக்கிறார்கள். இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைக்கர்கஸ் கிண்ணம் என்று ஒன்று இருக்கிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியிலிருந்து வெளிச்சம் விழுந்தால் பச்சையாகத் தெரியும். உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பாகத் தெரியும். கண்ணாடிக்குள் தங்கமும் வெள்ளியும் நுண்துகள்களாகக் கலந்திருப்பதே மாயம்.

இப்போது அந்த அம்மாளின் அட்டைக்கு வருவோம். அட்டைக்குள் ஒரு நீளமான தாள் இருக்கிறது. வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் மேலே ஏறுவதுபோல, விட்ட சொட்டு அந்தத் தாளில் ஊர்ந்து போகும். வழியில் தங்கத்துகள்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு துகளின்மேலும் ஒரு வகைப் புரதம் பூசப்பட்டிருக்கும். அது டிங்கிக் கிருமி வெளிவிடும் ஒரு புரதத்தை மட்டுமே பிடிக்கும் கொக்கி. இரத்தத்தில் கிருமியின் புரதம் இருந்தால், தங்கம் அதைக் கவ்விக்கொண்டு மேலே போகும். சற்றுத் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடாக, அதே புரதத்தின் மறுபக்கத்தைப் பிடிக்கும் இன்னொரு கொக்கி தாளில் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. அங்கே தங்கம் மாட்டிக்கொள்கிறது. ஒரு துகளை நம்மால் பார்க்க முடியாது. கோடிக்கணக்கில் குவிந்தால் சிவப்புக் கோடாகத் தெரிகிறது. இரண்டாவது கோடு, கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தங்கத்தைப் பிடிக்கும். அது விழுந்தால் நீர் சரியாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோடே விழவில்லையென்றால் சோதனை செல்லாது. வேறு அட்டையில் மீண்டும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கிளைச்செய்தி. எல்லா அட்டைகளிலும் தங்கம் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. சிலவற்றில் சாயம் ஏற்றிய லேடெக்ஸ் உருண்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். லேடெக்ஸ் என்றதும் நம் மரத்துப் பால் என்று பெருமைப்பட்டுவிடாதீர்கள். அது தொழிற்சாலையில் பாலிஸ்டைரீன் என்னும் பொருளில் செய்த செயற்கைப் பால். 1956-ஆம் ஆண்டிலேயே மூட்டுவாத நோயைக் கண்டறிய அப்படிப்பட்ட உருண்டைகள் பயன்பட்டன. நோயாளியின் இரத்தநீர் பட்டால் அவை திரளும். பால் உறைவதைப் பார்த்து நோயைச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அட்டை வைத்தியம் இத்தனை எளிதாக இருக்கும்போது விஞ்ஞானிகள் இன்னும் எதைத் தேடுகிறார்கள்? இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். எனக்கு எட்டு வயதிருக்கும்போது தம்பிக்குக் கடுங்காய்ச்சல். தோட்டத்து மருந்துக்காரர் கண்ணாடித் துண்டில் இரத்தம் தடவிப் பட்டணத்துக்கு அனுப்பினார். மலேரியாவா, வேறா என்று அங்கே பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்ல வேண்டும். தாள் திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் அவர் ஊகமாகக் கொடுத்த மருந்திலேயே தம்பி எழுந்து விளையாடப் போய்விட்டான். அதே வாரம் காய்ச்சலில் விழுந்த பக்கத்து லயத்துக் குழந்தைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்தக் குழந்தையின் தாளும் எங்களுடைய தாளும் ஒரே உறையில்தான் வந்தன. அம்மா அதை வெகுநாள் பிரிக்காமலே வைத்திருந்தார். நோயைச் சீக்கிரம் தெரிந்துகொள்வது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த உறைதான் நினைவுக்கு வருகிறது.

அட்டை விரைவானது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தங்கம் குவிந்தால்தான் அது பேசும். கிருமியின் புரதம் மிகக் குறைவாக இருந்தால் கோடு விழாது. இன்னும் குறைந்த அளவைக் கண்டறிய வேண்டும். எவ்வளவு என்றும் எண்ணால் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பிளாஸ்மோனை வேறு விதமாக வேலை வாங்குகிறார்கள்.

உருண்டைக்குப் பதிலாகத் தங்கத்தை மிக மெல்லிய ஏடாகப் படியவைக்கலாம். 1968-இல் ஜெர்மனியில் ஓட்டோ என்பவர் ஒரு வழியையும், கிரெட்ஷ்மன், ரேத்தர் ஆகிய இருவர் இன்னொரு வழியையும் கண்டார்கள். முக்கோணக் கண்ணாடியின் ஒரு முகத்தில் ஏறக்குறைய 50 நானோமீட்டர் தடிப்புள்ள பொன்னேடு. கண்ணாடி வழியாக அதன்மேல் ஒளியைச் சாய்வாக அனுப்பினால் முகம் பார்க்கும் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். ஆனால் ஒரு குறிப்பிட்ட சாய்வில் மட்டும் ஒளி திரும்புவதே இல்லை! ஏட்டின் மேற்பரப்பில் எலெக்ட்ரான் அலையாக மாறி ஓடிவிடுகிறது. அந்தச் சாய்வு எது என்பதை, ஏட்டின் மறுபக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்தான் முடிவு செய்கிறது. மேற்பரப்பில் ஒரு புரதம் வந்து உட்கார்ந்தாலும் சாய்வு இம்மியளவு மாறும்.

இதைக் கருவியாக்கலாம் என்று 1983-இல் காட்டியவர்கள் சுவீடன் நாட்டில் லின்ஷோப்பிங் நகரத்து ஆய்வாளர்களான லீட்பெரி, நிலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் ஆகிய மூவர். அந்த நாட்டு மருந்து நிறுவனம் ஒன்று பணம் போட, 1990-இல் பையக்கோர் என்ற பெயரில் கருவி விற்பனைக்கு வந்தது. ஒரு புரதம் இன்னொன்றை எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் விடாமல் இருக்கிறது என்பதை நடக்கும்போதே அது காட்டுகிறது. புதிய மருந்து தேடும் ஆய்வுக்கூடங்களில் அந்த வகைக் கருவி இன்று வழக்கமான பொருளாகிவிட்டது. நம் நாட்டிலும் புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிங்கிக் கிருமியின் புரதத்தைப் பொன்னேட்டு முறையில் கண்டறியும் ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் கருவி பெரியது, விலையும் பெரியது. தோட்டத்துக் கிளினிக்கில் வைக்கும் பொருள் அல்ல.

அதையே அரிசிமணி அளவில் செய்ய முடியுமா? இதுதான் இன்றைய முயற்சி. இதற்கு ஒளி போக மிகக் குறுகிய வாய்க்கால் வெட்ட வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி ஓடுவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் கம்பி அதுதான். ஆனால் சாதாரணக் கண்ணாடி வழியில் ஒளியைத் தன் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்கும் கீழே நெருக்க முடியாது; வழிந்து வெளியேறிவிடும். பக்கத்துக்குப் பக்கம் உலோகச் சுவர் எழுப்பி நடுவே ஒரு சந்து விட்டால் கதை மாறுகிறது. ஒளி அந்தச் சுவர்களின் எலெக்ட்ரான்களோடு கைகோத்துக்கொண்டு, 100 நானோமீட்டருக்கும் குறைவான சந்திலும் நுழைந்து போகிறது. யானை எலிவளையில் புகுந்ததுபோல! இதுவே பிளாஸ்மோன் வாய்க்கால்.

வாய்க்காலின் ஓரத்தில், தொட்டும் தொடாமலும் ஒரு சிறு வட்டத்தையோ அறையையோ அமைக்கிறார்கள். வட்டத்தைச் சுற்றிவரும் அலை, ஒரு சுற்றுக்குள் முழு எண்ணிக்கையில் அடங்கினால் தன்னோடு தானே சேர்ந்து வலுக்கும். அடங்காத அலைக்கு அங்கே இடமில்லை, நேரே போய்விடும். இலண்டன் தூய பவுல் தேவாலயத்தின் வட்ட மாடத்தில் சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்புறத்தில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒலி வளைந்த சுவரைத் தழுவிக்கொண்டே போவதை ரேலி பிரபு 1910-இல் கணக்குப் போட்டு விளக்கினார். அந்த மாடத்தை ஒளிக்காகக் கோடிக்கணக்கான மடங்கு சுருக்கிக் கட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். வாய்க்காலின் மறுமுனையில் ஒளியைப் பார்த்தால், வட்டம் பிடித்து வைத்துக்கொண்ட நிறம் மட்டும் குறைந்திருக்கும். 2006-இல் டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொஜெவொல்னி குழுவினரும் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, தங்கத்தில் ஆப்புபோல வெட்டிய பள்ளங்களில் இப்படி ஒளியை ஓடவிட்டு, வட்டங்களையும் இயங்க வைத்துக் காட்டினார்கள்.

இதைக் கொண்டு நோயை எப்படி அறிவது? ஜலதரங்கம் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் தட்டுவார்கள். தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்காமலேயே, ஓசையைக் கேட்டே தண்ணீர் எவ்வளவு என்று வித்துவான் சொல்லிவிடுவார். நம் நுண்ணிய வட்டமும் ஒரு ஜலதரங்கக் கிண்ணந்தான். அதற்குள் இருக்கும் நீரில் ஏதாவது கலந்தால் ஒளியின் சுருதி இறங்கும். அதாவது பிடித்து வைக்கும் அலையின் நீளம் கூடும்.

ஒரு கணக்குப் பார்ப்போமா? தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.333. ஒளி அதில் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைக் காட்டும் எண் அது. ஒரு லிட்டர் தண்ணீரில் பத்துக் கிராம் சீனி கரைத்தால் அந்த எண் ஏறக்குறைய 0.0014 கூடும். கணக்கில் வரும் பல வட்டங்கள், எண் ஒன்று முழுதாகக் கூடினால் 1000 நானோமீட்டர் அளவுக்கு நகரக்கூடியவை. ஆகவே அந்தச் சீனித் தண்ணீருக்கு 1.4 நானோமீட்டர் நகரும். பார்க்க முடியாத நகர்வு அல்ல. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது.

அந்தச் சிக்கலைச் சொல்ல என் தகப்பனார்தான் உதவ வேண்டும். பாலை நிறுத்த பிறகு, ஸ்டோரில் மெட்ரோலாக் என்னும் கருவியை அதில் மிதக்கவிட்டு, எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பார்கள். சம்பளம் அந்தக் கோட்டைப் பொறுத்தது. பாலின் மேலே நுரை நிற்கும். நுரைக்குள் கோடு எங்கே என்று பார்ப்பது கிராணியின் கண்ணைப் பொறுத்தது. "கருவி பொய் சொல்லாது. கோட்டைப் பார்க்கிறவன் கண்ணில்தான் காசு இருக்கிறது" என்பார் அப்பா. சில நாள் அவர் வாய்விட்டே கேட்டதுண்டு. கேட்டதனால் கணக்கு மாறியதில்லை.

பிளாஸ்மோன் வட்டத்துக்கும் நுரை உண்டு. உலோகம் ஒளியைத் தின்னும். எலெக்ட்ரான்கள் ஆடும்போது உராய்ந்து சூடாகி, ஒளியின் ஆற்றல் வீணாகிறது. மிகக் குறுகிய சந்தில் ஒளி சில மைக்ரோமீட்டர் தூரத்திலேயே, தலைமயிரின் பருமன்கூட இல்லாத தூரத்தில், மங்கிவிடலாம். சீக்கிரம் அடங்கிவிடும் மணியின் ஓசையில் சுருதி தெளிவாக இராது. அதுபோல இந்த வட்டங்கள் காட்டும் பள்ளமும் பல பத்து நானோமீட்டர் அகலமாக விரிந்து கிடக்கிறது. அவ்வளவு அகலமான பள்ளம் 1.4 நானோமீட்டர் நகர்ந்ததா இல்லையா என்று சொல்வது, நுரைக்குள் கோடு பார்க்கும் வேலைதான். கண்ணாடியிலோ சிலிக்கனிலோ செய்த வட்டங்கள் உருவில் பெரியவை, ஒளியைக் குறைவாகத் தின்பவை. அவற்றின் பள்ளம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான அகலத்தில் ஊசிபோலக் கூர்மையாக இருக்கும். ஆகவே கூர்மை வேண்டுமானால் கண்ணாடி, சிறுமை வேண்டுமானால் தங்கம் என்று ஆய்வாளர்கள் இழுபறிப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளி தங்கத்தைவிடக் குறைவாகவே ஒளியைத் தின்னும். ஆனால் பூசையறை வெள்ளி விளக்கு கறுப்பதைப் பார்த்திருக்கிறீர்களே, அந்தக் குறை இங்கும் உண்டு.

இன்னொரு தொல்லையை நான் பெரிதாக நினைக்கிறேன். பொறி சிறியதாக இருந்தால், சிறியதைப் பிடிக்க அது நல்லதுதான். ஆனால் ஒரு பெரிய குளத்தில் தீப்பெட்டி அளவில் தூண்டில் கூடை வைத்தால் மீன் அதற்குள் எப்போது வந்து சேரும்? ஒரு சொட்டு இரத்தத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் புரதம், நூறு நானோமீட்டர் சந்தைத் தானாகத் தேடி வந்து சேர வெகுநேரம் ஆகும். அதை ஓட்டிக்கொண்டுவரத் தனி ஏற்பாடு வேண்டும். இவ்வகை வட்டங்களைப் பற்றி வெளிவரும் கட்டுரைகளில் மிகப் பல, கணினியில் கணக்கிட்டுப் பார்த்தவையே. உலோகத்தில் வெட்டி, உண்மையான இரத்தத்தை விட்டுச் சோதித்தவை குறைவு. நாளைக்கே கிளினிக்குக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொன்னேட்டு முறை 1968-இலிருந்து விற்பனைக் கருவியாக இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்ததை மறந்துவிடக் கூடாது.

அதுவரை நம் கையில் இருப்பது அந்த வெள்ளை அட்டைதான். அந்த அம்மாள் போகும்போது இன்னொன்றும் கேட்டார். "கோடு மங்கலாகத்தான் விழுந்தது ஐயா. அப்படியானால் நோயும் கொஞ்சந்தானே?"

அப்படி எண்ணிவிடாதீர்கள். குறித்த நேரத்துக்குள் விழுந்த கோடு மங்கலானாலும் கோடுதான். அதன் அடர்த்தி அந்தச் சொட்டில் எவ்வளவு புரதம் இருந்தது என்பதையே பொறுத்தது. பிள்ளையின் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்லாது. குறித்த நேரம் கடந்து, தாள் காய்ந்த பிறகு தோன்றும் கோட்டை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. கோடு விழாததாலும் டிங்கி இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. கிருமியின் புரதம் காய்ச்சலின் முதல் சில நாள்களில்தான் இரத்தத்தில் நிறைய இருக்கும். ஐந்தாறு நாள் கழித்துப் போனால் அது குறைந்திருக்கும். அப்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் வேறு சோதனை வேண்டும். ஆகவே காய்ச்சல் தொடங்கிய நாளை எழுதி வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது இரத்தக்கசிவை அதிகமாக்கும். முக்கியமாக, காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகிற அந்த ஓரிரண்டு நாள்தான் டிங்கியில் அபாயமான நாள். அப்போது ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு, பிள்ளை சோர்ந்து துவண்டுபோவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் இராத்திரியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

அந்தப் பேரன் மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்து, தேறி வீட்டுக்கு வந்துவிட்டானாம். அட்டையை அம்மாள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். அதில் தங்கம் இருக்கிறது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.